கவுனுக்கு விடும் அரை அங்குலம்

1. உடம்பைவிடச் சின்னச் சட்டை

டென்சைல், அதாவது இழுத்து நிறுத்தும் துணிக்கூரை செய்கிற கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் என்னிடம் ஒரு பேப்பர் பேட்டர்னைக் கொடுத்து, இதன்படி துணியை வெட்டச் சொன்னார்கள். டேப்பை வைத்து அளந்து பார்த்தேன். பேட்டர்ன் உடம்பைவிடச் சின்னதாக இருந்தது. இங்கே உடம்பு என்பது இரும்புக் கம்பமும் அதைச் சுற்றி நிற்கும் சட்டமும். அதற்குப் போடுகிற சட்டைதான் கூரை. உடம்பைவிடச் சின்னதாகச் சட்டை வெட்டச் சொல்லும் கம்பெனி எத்தனை நாள் நடக்கும் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் ஸ்டெல்லா. அப்பா திருநெல்வேலிப் பக்கம், ராணுவ ஆபீஸில் கிளார்க். நான் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் புனே கேம்ப். கேம்ப்பில் ஒரு கவுன் கடையில் இருபத்தாறு வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். கல்யாண கவுன், மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைக்குச் சின்னக் கவுன், தோழிகளுக்கு ஒரே நிறத்தில் ஆறு கவுன், இதுதான் வேலை. முதலாளி கனடாவில் இருக்கும் மகனிடம் போக முடிவு செய்து கடையை மூடினார். எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. வேறு கவுன் கடைகளில் மாஸ்டர் இருந்தார்கள். ஆலந்தி ரோட்டில், விஷ்ராந்த்வாடி தாண்டி ஒரு ஷெட்டில், துணியை நூல் பார்த்து வெட்டத் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன்.

அந்த ஷெட்டில் செய்வது தற்காலிகக் கூரைகள். கண்காட்சி, பட்டமளிப்பு விழா, கம்பெனி விழா என்று ஒரு வாரம் நிற்கும். பிறகு மடித்து எடுத்துவந்துவிடுவோம். பார்க்கிறவர்கள் இதை ஷாமியானா என்பார்கள். முதலாளி குல்கர்ணி சாருக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே முகம் சுருங்கிவிடும். ஷாமியானாவைக் கட்டுவார்கள், எங்கள் கூரையை இழுப்பார்கள். கேபிளில் கோர்த்து நான்கு பக்கமும் இழுத்து விறைப்பாக்கினால்தான் அது நிற்கும். தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வர வேண்டும்.

என்னை எடுத்ததற்குக் காரணம் சுருக்கம். அதற்குமுன் வெட்டியவர் துணி மிச்சமாகட்டும் என்று ஒரு பேனலை, அதாவது ஒரு துண்டை, நேராகவும் அடுத்ததைக் குறுக்காகவும் வைத்து வெட்டியிருக்கிறார். நெடுக்கு நூலும் குறுக்கு நூலும் ஒரே மாதிரி இழுபடாது. பாவாடையில் ஒரு கலித் துண்டை மட்டும் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்று எந்தத் தையல்காரியைக் கேட்டாலும் சொல்லுவாள். நான் எல்லாப் பேனலையும் ஒரே நூலில் வைத்து வெட்டினேன், சுருக்கம் போயிற்று. கூரை ஓரம் வளைவாக இருக்கும், அதில் கேபிள் ஓட ஒரு பட்டை உண்டு. அந்தப் பட்டையைக் கழுத்துக்கு பைப்பிங் வெட்டுவதுபோல் கிராஸில், மூலைவாட்டமாக வெட்டிக் கொடுத்தேன், ஓரமும் படிந்தது. குல்கர்ணி சார் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் பாராட்டினால் அப்படித்தான் இருக்கும் என்று பக்கத்தில் சொன்னார்கள்.

மற்றபடி கம்பெனியில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் கண்பத். வெல்டிங் மெஷினில் பதினோரு வருஷமாக இருப்பவர். இந்தத் துணியில் பிளாஸ்டிக் பூச்சு உண்டு, ஊசி போட்டால் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். அதனால் தைப்பதில்லை, ஒன்றின்மேல் ஒன்றை நாற்பது மில்லிமீட்டர் ஏற்றி வைத்துச் சூட்டில் ஒட்டுவார்கள். அந்த ஒட்டையும் தையல் என்றே சொல்லுவோம். நான் கோடு போடுவேன், கண்பத் அந்தக் கோட்டில் ஒட்டுவார். என்னை 'தாயி' என்பார். மராத்தியில் அக்கா. இன்னொருவர் கார்த்திக், டிசைன் என்ஜினியர், கோயமுத்தூர்ப் பையன். கம்ப்யூட்டரில் கூரையின் வடிவத்தைப் போட்டு, அதைப் பேனல் பேனலாகப் பிரித்து பேட்டர்ன் எடுப்பது அவர் வேலை. அந்த ஷெட்டில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தமிழ் தெரியும்.

பேட்டர்ன் ஏன் சின்னதாக இருக்கிறது என்று கார்த்திக்கிடம் கேட்டேன். துணி இழுபடும், இழுத்தபிறகு சரியான அளவுக்கு வரும், அதனால் முன்கூட்டியே குறைத்து வெட்டுகிறோம் என்று படம் போட்டு விளக்கினார். நான் தலையை ஆட்டினேன். நம்பவில்லை.

2. நான் விட்ட லூஸ்

நம்பாததற்குக் காரணம் உண்டு. கவுனுக்கு அளவு கொடுக்க வருகிற மணப்பெண் எல்லாரும் ஒரே பொய்யைத்தான் சொல்லுவார்கள். கல்யாணத்துக்குள் மெலிந்துவிடுவேன், டைட்டாகவே வெட்டுங்கள் என்பார்கள். கூட வந்த அம்மாவும் ஆமாம் என்பாள். இருபத்தாறு வருஷத்தில் சொன்னபடி மெலிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்திக்கு மஞ்சள் காமாலை.

அதனால் நான் எழுதிய அளவுக்கு மேல் ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கமும் அரை அங்குலம் லூஸ் விடுவேன். கழுத்திலும் தோளிலும் விட மாட்டேன், அங்கே விட்டால் இறங்கிவிடும். மார்புக்குக் கீழே ஆரம்பித்து விடுவேன். யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணத்தன்று ஜிப் சிக்கல் இல்லாமல் ஏறிவிடும், பெண் தான் மெலிந்துவிட்டதாக நினைத்துச் சந்தோஷமாகக் கோயிலுக்குப் போவாள். எத்தனையோ கல்யாணம் அந்த அரை அங்குலத்தில் நடந்திருக்கிறது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

கம்பெனியில் மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். மூன்றாவது மாதக் கடைசியில்தான் முழுசாக என் கையில் ஒரு கூரை வந்தது. ஹிஞ்சேவாடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் புல்வெளியில், சனிக்கிழமை காலை குடும்ப விழா. நடுவில் உயரமான கம்பம், உச்சியில் ஒரு வளையம், அங்கிருந்து கீழே விரிகிற பன்னிரண்டு பேனல். அம்பர்லா பாவாடையைக் கொக்கியில் மாட்டிய மாதிரி. பேட்டர்னைப் பார்த்தவுடனே எனக்கு வேலை பிடிபட்டுவிட்டது. வெட்டும்போது கையும் பழக்கப்படி போயிற்று. உச்சி வளையத்தில் சரியான அளவு. கழுத்துக்குக் கீழே போகப்போக ஒவ்வொரு பேனலிலும் இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம். ஒட்டும் கோட்டையும் அதற்கேற்பத் தள்ளிப் போட்டேன். கண்பத் கோட்டைப் பார்த்து ஒட்டினார். அவர் வேலையில் ஒரு நூல் பிசகில்லை.

பன்னிரண்டு பேனல், இரண்டு பக்கம், அரை அங்குலம் என்று பெருக்கிப் பார்க்க எனக்கு அப்போது தோன்றவில்லை. கவுனுக்கு அத்தனை தையல் கிடையாது.

3. வயிறு

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூரை ஏறிவிட்டது. ஏற்றும்போதே ஆட்கள் முணுமுணுத்தார்கள். கேபிளை முறுக்கி இறுக்குகிற டர்ன்பக்கிள் கடைசி மரை வரை போய்விட்டது, இன்னும் தளர்ச்சியாக இருக்கிறது என்றார்கள். கார்த்திக் துணியைத் தட்டினார். மேளச் சத்தம் வரவில்லை. தலையணையைத் தட்டிய மாதிரி இருந்தது.

ஒரு மணிக்கு மழை பிடித்தது. பருவமழைக்கு முன்னால் வருகிற மழை, அரை மணி நேரம்தான், ஆனால் கொட்டிவிட்டுப் போயிற்று. தண்ணீர் ஓரத்துக்கு ஓடி வழிய வேண்டும். ஓடவில்லை. கம்பத்துக்கும் ஓரத்துக்கும் நடுவில் தேங்கித் தேங்கி, கூரைக்கு வயிறு வைத்துவிட்டது. அந்தக் கம்பெனியின் அட்மின் மேடம் குடை பிடித்துக்கொண்டு வந்து நிமிர்ந்து பார்த்து, இது டிசைனா என்று கேட்டார். ட்ரெய்னேஜ் டெஸ்ட் செய்துகொண்டிருக்கிறோம் என்றார் கார்த்திக். நம் ஆட்கள் மூங்கிலால் வயிற்றைக் குத்தித் தள்ளினார்கள். தண்ணீர் முழுவதும் தள்ளியவர்கள் தலையிலேயே விழுந்தது.

அந்த வயிற்றைப் பார்த்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. இடுப்பில் லூஸான கவுன் அப்படித்தான் தொங்கும். வாயைத் திறக்கவில்லை.

குல்கர்ணி சார் விஷ்ராந்த்வாடியிலிருந்து கிளம்பி ஹிஞ்சேவாடி டிராஃபிக்கில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார். அந்த டிராஃபிக்கில் வந்தவரிடம் யாரும் நல்ல செய்தியைக்கூடச் சொல்லக் கூடாது. அவர் கூரையை ஒரு சுற்று சுற்றி வந்தார். பேட்டர்ன் சின்னது, கூரை பெரியது, அப்படியானால் ஏற்றி ஒட்ட வேண்டிய நாற்பது மில்லியைக் குறைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று முடிவுக்கு வந்தார். ஜனவரியில் ஒரு வேலையில் கண்பத் உண்மையிலேயே அப்படிச் செய்திருந்தார். பவர் மாறிய கண்ணாடியை மாற்றாமல் வேலை பார்த்த தப்பு அது. இனி ஒரு தடவை நடந்தால் வேலை கிடையாது என்று அப்போதே சார் சொல்லியிருந்தார்.

சார் கத்தவில்லை. நாளைக்கு வர வேண்டாம் என்று மராத்தியில் மெதுவாகச் சொன்னார்.

கண்பத் எதிர்த்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். பேசியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். புதுக் கண்ணாடி. மறுபடி போட்டுக்கொண்டு, தலைக்கு மேலே இருந்த தையல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "என் கைதான் போலிருக்கு சார்" என்றார். அந்த மனுஷன் அதை நம்பியே சொன்னார்.

4. பாக்ரி

அதுவரை யாரும் சாப்பிடவில்லை. கட்டடத்தின் போர்ட்டிகோவில் எல்லாரும் டப்பாவைத் திறந்தோம். எனக்கும் கண்பத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு, அவருடைய பாக்ரியில், அதாவது சோள ரொட்டியில், பாதி எனக்கு, என்னுடைய எலுமிச்சை சாதத்தில் பாதி அவருக்கு. அன்றைக்கும் அவர் சோள பாக்ரியைப் பிய்த்து, பூண்டுச் சட்னியோடு என் டப்பா மூடியில் வைத்தார். வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன் தாயி, மனைவிக்கு இரத்த அழுத்தம், ஞாயிற்றுக்கிழமை வரை சொல்லாமல் இருக்கலாமா என்று கேட்டார். என்னிடம் யோசனை கேட்கிறார்.

அந்த பாக்ரி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது. நல்ல பசி.

அப்போது கார்த்திக் ஏணியிலிருந்து இறங்கி, கையில் டேப்போடு எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார். சுற்றிலும் ஆறு பேர். தமிழில் பேசினார்.

"அக்கா, கீழ ஓரத்தை அளந்து பாத்தேனுங்க. பேனலுக்கு ஒரு அங்குலம் கூட இருக்குது. பன்னெண்டு பேனல்லயும் அதே ஒரு அங்குலம். கழுத்துல மட்டும் கரெக்டா இருக்குது."

நான் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"கண்பத் அண்ணனுக்குக் கை தவறுச்சுன்னா அங்கங்க கோணலாத் தவறுமுங்க. இப்படி அழகாத் தவறாது."

"இப்ப நீ என்ன சொல்ல வாறே?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. தமிழ்லதான பேசறோம், இங்க யாருக்குப் புரியப் போகுது? சார்கிட்ட நானா போய் எதும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு இந்த வாரத்தோட மூணு மாசம் முடியுதுன்னு எனக்கும் தெரியுமுங்க."

கண்பத் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புரியாத பாஷையில் பேசுகிறவர்களிடம் மரியாதைக்குச் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தார். சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்திருக்க வேண்டும், சட்னியை கார்த்திக் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கார்த்திக்மேல் தப்புச் சொல்ல மாட்டேன். பையன் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தான். நானும் ஒரு இரண்டு நிமிஷம் அந்த நல்லதைக் கையில் வைத்துப் பார்த்தேன். ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்? கண்பத்துக்கு எங்காவது மெஷின் கிடைக்கும், வெல்டிங் தெரிந்த ஆளுக்குப் பிம்ப்ரி பக்கமெல்லாம் தேவை இருக்கிறது, இப்படியெல்லாம் மனசு கணக்குப் போட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் போட்டது. கண்பத் மறுபடி நிமிர்ந்து கூரையைப் பார்த்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தன் கண்ணையே அந்த ஆள் சந்தேகப்படுகிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினோரு வருஷம் வேலை செய்த கையை இனிமேல் அவர் எந்த மெஷினிலும் நம்ப மாட்டார்.

எழுந்து கை கழுவினேன். குல்கர்ணி சார் காருக்குப் பக்கத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார். முடியும் வரை நின்றேன். பிறகு, போர்ட்டிகோவில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, மராத்தியில் சொன்னேன். கண்பத் நான் போட்ட கோட்டில்தான் ஒட்டினார். கோடு தப்பு. பேனலுக்கு ஒரு அங்குலம் நான்தான் லூஸ் விட்டேன். யாரையும் கேட்காமல் விட்டேன்.

ஏன் என்று கேட்டார். மணப்பெண்களைப் பற்றி, மஞ்சள் காமாலை உட்பட, எல்லாவற்றையும் சொன்னேன். சார் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். தமிழில் எழுதினால் இப்படி வரும்:

"தாயி, இந்தப் பொண்ணு இரும்பு. இரும்பு குண்டாகாது."

5. ட்ரையல்

மறுபடி வெட்ட நேரமில்லை. அந்தத் துணியில் புது ரோல் வர நாலு நாள் ஆகும். கார்த்திக் லேப்டாப்பைத் திறந்துவைத்து ஒன்றும் வழியில்லை என்றார். "அப்படியே மேல வெச்சே பிடிச்சிடலாம்" என்றேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் கவுன் லூஸாக இருந்தால் பிரித்துத் தைப்போமா? பெண்ணை நிற்க வைத்து, உடம்பிலேயே துணியைக் கிள்ளிப் பின் குத்தி, டார்ட் என்கிற உள்மடிப்புப் பிடிப்போம். இந்தப் பெண் மூச்சுக்கூட விட மாட்டாள், இன்னும் சுலபம். கூரை ஏறி நிற்கும்போதே அப்படிப் பிடிக்கலாம் என்று அந்தக் கம்பெனியில் யாருக்கும் தோன்றியதில்லை. கம்ப்யூட்டர் சொன்னால் சரியாக இருக்கும், இல்லையென்றால் யாரோ தப்புச் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

குல்கர்ணி சார் கண்பத்தைப் பார்த்து, நாளைக் காலை ஹாட் ஏர் கன்னை எடுத்துவா என்றார். நாளைக்கு வர வேண்டாம் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது அவ்வளவுதான். மன்னிப்பு, வருத்தம் எதுவும் கிடையாது. கண்பத் சரி சார் என்றார்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். ஒன்றுவிட்டு ஒன்றாக ஆறு தையல், ஒவ்வொன்றிலும் கீழே இரண்டு அங்குலம், மேலே போகப்போகக் குறைந்து கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லாமல் முடிகிற டார்ட். பின் குத்த முடியாது, பின்னுக்குப் பதில் தச்சு வேலைக்கு வைக்கிற கிளாம்ப். நான் ஏணியில் நின்று துணியைக் கிள்ளிப் பிடிப்பேன், கார்த்திக் கிளாம்ப் போடுவார், கீழே நின்று சார் சுருக்கம் எங்கே போகிறது என்று சொல்வார். பிறகு நான் சாக்கால் கோடு போடுவேன்.

மூன்றாவது தையலில் கோடு போட்டுவிட்டு இறங்கினேன். கண்பத் ஏறினார், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு டேப்பை வைத்தார். ஒன்றே முக்கால் இருந்தது. என் கை மறுபடி கால் அங்குலத்தை விட்டிருந்தது. சத்தியமாக நான் தெரிந்து செய்யவில்லை. அவர் என்னைப் பார்க்கவும் இல்லை. என் கோட்டை உள்ளங்கையால் அழித்துவிட்டு, இரண்டு அங்குலத்தில் தானே ஒரு கோடு போட்டார். அதற்கப்புறம் மிச்ச மூன்று தையலுக்கும் அவரே கோடு போட்டார். நான் கிள்ளிப் பிடிப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

கூரையை இறக்கி, கோட்டில் மடித்து, ஹாட் ஏர் கன்னால் ஒட்டி, ரோலரால் அழுத்தி, மறுபடி ஏற்றியபோது மணி நாலு. டர்ன்பக்கிளில் பாதி மரை மிச்சம் இருந்தது. கார்த்திக் தட்டினார். மேளம். ஐந்து மணிக்கு மழை, முந்தின நாளைவிட அதிகம். தண்ணீர் கோடு கோடாக இறங்கி ஓரத்தில் வழிந்து போயிற்று. அட்மின் மேடம் மறுபடி குடையோடு வந்து, நேற்று இருந்த டிசைன்தான் நன்றாக இருந்தது என்றார். கார்த்திக் குறித்துக்கொள்வதாகச் சொன்னார்.

சனிக்கிழமை விழா நடந்தது. என் வேலை போகவில்லை. அதையும் யாரும் வாயால் சொல்லவில்லை, திங்கட்கிழமை அடுத்த பேட்டர்ன் என் மேஜையில் இருந்தது. கூடவே ஒரு புது விதி: நான் போடும் கோட்டைக் கண்பத் அளந்து கையெழுத்துப் போட வேண்டும், அவர் ஒட்டியதை நான் அளந்து போட வேண்டும். இன்னொரு விதியும் வந்தது. எந்தக் கூரையானாலும் வெளியே போவதற்கு முந்தின நாள் எங்கள் ஷெட் வாசலில் ஒருமுறை ஏற்றிக் கிள்ளிப் பார்க்கிறோம். கார்த்திக் அதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்திருக்கிறார். மற்ற எல்லாரும் ட்ரையல் என்கிறோம்.

கண்பத் அந்த வாரம் முழுக்க என்னோடு சாப்பிடவில்லை. மெஷினுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை டப்பாவைத் தூக்கிக்கொண்டு நானே போய், எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேனே, இன்னும் என்ன கோபம் என்று கேட்டேன். அவர் டப்பா மூடியில் பாக்ரியைப் பிய்த்து எனக்கு வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

"சொன்னீங்க தாயி. ஆனா என் பாக்ரியைச் சாப்பிட்டு முடிச்சப்புறம்தானே சொன்னீங்க."

பாதி எலுமிச்சை சாதத்தை அவர் பக்கம் தள்ளினேன், எடுத்துக்கொண்டார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, அதுவும் தையலிலிருந்து வருகிறவர்களுக்கு, நான் சொல்ல இரண்டு விஷயம்தான் இருக்கிறது. இரும்புக்கு லூஸ் விடாதீர்கள், பேட்டர்ன் சின்னதாகத்தான் இருக்கும், அப்படியே வெட்டுங்கள். கை பழக்கப்படி தப்பிவிட்டால், தப்பு உங்களுடையது என்று தெரிந்த நிமிஷமே சொல்லிவிடுங்கள். டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் சொல்லுங்கள்.